அத்தியாயம் 7: ஈ.சி.ஆரில் சைக்கிளும் காரும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) தெற்கே போகும்போது கடல் இடது கைப்பக்கம் வருகிறது. ரிசார்ட்டுகள், கடற்கரைக்கு இறங்கும் தெருக்கள், மீன் சாப்பாட்டுக் கடைகள் என்று விடுமுறைக்கு வருபவர்கள் தேடுவதில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். சைக்கிளில் போகிறவரும் அதே இடது ஓரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார். கார்க்காரர் தேடும் வாசலுக்கும் அவருடைய காருக்கும் நடுவில் எந்த நேரத்திலும் ஒரு சைக்கிள் இருக்கலாம் என்று பொருள். இந்தச் சாலையில் நடக்கும் உரசல்களில் பல இந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. யாரும் யாரையும் இடிக்க நினைப்பதில்லை. கண் கடலைத் தேடுகிறது, கை ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்கிறது, நடுவில் இருந்தவர் விழுகிறார்.

இந்த அத்தியாயம் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள சுமார் 45 கிலோமீட்டருக்கானது. கார் ஓட்டுபவருக்கு ஒரு பங்கு, சைக்கிள்காரருக்கு ஒரு பங்கு என்று சமமாகப் பிரித்து எழுதவில்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஓட்டுபவர் தவறினால் அடுத்தவர் சாகிறார். சைக்கிள்காரர் தவறினால் பெரும்பாலும் அவரேதான் சாகிறார். ஆகவே கார்க்காரருக்குச் சொல்ல வேண்டியது அதிகம்.

யாருடைய சாலை இது

ஈ.சி.ஆர். ஒரே வீச்சில் புதிதாகப் போட்ட நெடுஞ்சாலை அல்ல. கடலோர ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிடந்த பழைய சாலைகளை இணைத்து, அகலப்படுத்தி, 1990களில் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அக்கரைக்குத் தெற்கே தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் பொறுப்பேற்றதும், உத்தண்டியில் டோல்கேட் வந்ததும், மாமல்லபுரம் வரை நடுவில் மீடியனோடு நான்கு வழியானதும் பிறகு நடந்தவை. சாலை அகலமாகிவிட்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கானத்தூர், கோவளம், நெம்மேலி, பட்டிப்புலம் மக்களுக்கு இது இன்றைக்கும் ஊர்த் தெரு. பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் போக இதைத்தான் கடக்கிறார்கள்.

'ஈ.சி.ஆர். சைக்கிள்காரர்' என்றதும் ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியும் போட்டவரைத்தான் நினைக்கிறோம். 2021இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்கள் பரவலாக வந்தபோது அந்தத் தோற்றம் இன்னும் பதிந்துபோயிற்று. அவர்களுக்கு முன்பிருந்தே இங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உண்டு. கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், கேரியரில் மீன்பெட்டி கட்டிய வியாபாரி, பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். இவர்களிடம் பின்விளக்கு இருக்காது, ஹெல்மெட் இருக்காது, 'நாளைக்கு வேறு சாலையில் போகிறேன்' என்று சொல்லவும் முடியாது. மூன்றாவது வகை, மாமல்லபுரத்தில் வாடகைக்கு சைக்கிள் எடுத்து, பத்து வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக மிதிக்கிற சுற்றுலாப் பயணி. மூன்று பேரும் மூன்று விதமாக ஓட்டுவார்கள். பின்னால் வரும் காருக்கு யார் எந்த வகை என்று பிரித்துப் பார்க்க நேரம் கிடையாது. மூவரிலும் தடுமாறக்கூடியவர் யாரோ அவரை மனதில் வைத்தே எல்லோரையும் கடக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பாருங்கள்

சனி, ஞாயிறு விடியற்காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை சைக்கிள் குழுக்களின் நேரம். ஒன்பதரைக்கு மேல் குடும்பத்தோடு கார்கள் தெற்கே இறங்கத் தொடங்கும். மாலை நாலு மணியிலிருந்து அதே கார்கள் வடக்கே திரும்பும், அக்கரைக்கு வரும்போது ஊர்ந்துகொண்டிருக்கும். இவ்வளவு தெளிவாகப் பிரிந்திருந்தால் மோதலுக்கு இடமே இல்லை என்று தோன்றும். நான் அஞ்சும் நேரம் விடியற்காலைதான்.

காரணம், சனிக்கிழமை இரவு முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் வீடு திரும்புகிறார்கள். பாண்டிச்சேரியிலிருந்து மூன்று மணிக்குப் புறப்பட்ட கார் ஐந்தரைக்கு இங்கே வந்து சேர்கிறது. மனித உடம்பு இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்தாறு மணி வரைதான் தூக்கத்துக்கு மிகவும் ஏங்கும். சாலை காலியாக இருப்பதால் வேகமும் கூடியிருக்கும். இரவு ஒரு மணிவரை குடித்தவருக்கு நாலு மணிநேரத் தூக்கத்தில் எல்லாம் இறங்கியிருக்கும் என்பது தப்புக் கணக்கு. சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதிகமாகக் குடித்த உடம்பில் விடிந்த பிறகும் அதற்கு மேல் இருக்கலாம். ரிசார்ட்டில் தங்கிய நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலை டிபனை அங்கேயே முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். விடியற்காலையில் கிளம்பி நீங்கள் மிச்சம் பிடிக்கும் நேரத்துக்கு உள்ள விலையை ரோட்டில் போகிற வேறு ஒருவர் கொடுக்க நேரலாம்.

சைக்கிள்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு முன்பே எழுந்துவிடும். ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டிவிடும். வருஷம் முழுவதும் 'ஐந்தரைக்குக் கிளம்புவோம்' என்று வைத்திருக்கும் குழு, ஜூனில் வெளிச்சத்திலும் ஜனவரியில் முக்கால் மணிநேரம் இருட்டிலும் ஓட்டுகிறது. குளிர்காலத்தில் கிளம்பும் நேரத்தை முக்கால் மணி தள்ளிவையுங்கள்.

சில நாட்கள் கணக்கிலேயே வராதவை. காணும் பொங்கலன்று முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் மூன்றும் நிரம்பி வழியும். புத்தாண்டுக்கு முந்தைய இரவும் அப்படித்தான். அந்த இரண்டு நாட்களிலும் பயிற்சிக்காக சைக்கிள் எடுத்துக்கொண்டு வராதீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்துபோகும் பக்தர்களை இந்தச் சாலையோரத்தில் பார்க்கலாம். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, பெருவிழா செப்டம்பர் 8. வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியலிலும் நடப்பார்கள். அந்த வாரங்களில் இடது ஓரம் அவர்களுடையது. காரும் சைக்கிளும் அவர்களுக்கு விலகித்தான் போக வேண்டும்.

கார் ஓட்டுபவருக்கு

சைக்கிளைக் கடந்தவுடனே இடது பக்கம் திரும்பாதீர்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். போனில் இருக்கும் குரல் '200 மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்' என்கிறது. முன்னால் ஒரு சைக்கிள். அதைத் தாண்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று மனம் சொல்லும். சைக்கிள்காரரை அசையாதவர் போல நினைத்துக்கொள்வதால் வரும் எண்ணம் அது. அவர் மணிக்கு 25 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு ஏழு மீட்டர் வந்துகொண்டிருக்கிறார். நீங்கள் வாசலுக்காக வேகம் குறைக்கும்போது அவர் உங்கள் இடது பின்கதவுக்கு அருகில் இருப்பார். திரும்பினால் உங்கள் பக்கவாட்டில்தான் வந்து மோதுவார். அந்த 200 மீட்டரும் அவர் பின்னாலேயே போனால் என்ன இழப்பு? 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்பது விநாடி ஆகும் தூரம், 25இல் இருபத்தொன்பது விநாடி ஆகும். இருபது விநாடி இழப்பு. ரிசார்ட் வரவேற்பறையில் சாவிக்கு நிற்கும் நேரத்தை யோசித்துப் பாருங்கள்.

வாசலைத் தாண்டிப் போய்விட்டீர்களா? ரிவர்ஸ் எடுக்காதீர்கள். ஓரத்தில் ரிவர்ஸ் வரும் காரை எந்த சைக்கிள்காரரும் எதிர்பார்ப்பதில்லை. அடுத்தடுத்த யூ டர்ன்களில் சுற்றி வாருங்கள், சில நிமிடங்கள்தான் கூடும்.

கடக்கும்போது எவ்வளவு இடம் விடுவது? ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் குறைந்தது ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஓடும் காருக்குள்ளிருந்து மீட்டரை அளக்க முடியாது. ஈ.சி.ஆரில் அதற்கு எளிய வழி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு தடம் உள்ள சாலை இது. சைக்கிளைக் கடக்க வேண்டுமானால் வலது தடத்துக்கு முழுசாக மாறிக் கடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பாதி உடம்பை இடது தடத்தில் வைத்துக்கொண்டு உரசிப் போகாதீர்கள். வலது தடத்தில் வேறு வண்டி வருகிறதா? அது போகும்வரை பின்னாலேயே இருங்கள்.

வேகத்தைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனாலும் கணக்கைப் பார்த்துவிடுவோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், நல்ல உலர்ந்த சாலையில் 28 மீட்டர் அளவில் நிற்கும். 80இல் அதே கார் நிற்க ஏறக்குறைய 58 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடியதற்கு தூரம் இரண்டு மடங்காகிவிட்டது. 80இல் இரண்டு விநாடி போனைப் பார்த்தால், கண் இல்லாமலேயே 44 மீட்டர் போயிருப்பீர்கள். வழி பார்ப்பதைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தனியாகப் போனால் டோல்கேட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஹாரனைத் தூரத்திலேயே ஒரு முறை லேசாக அடியுங்கள். சைக்கிளுக்குப் பத்தடி பின்னால் வந்து நீட்டி அடித்தால் அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். தலை வலது பக்கம் திரும்பும்போது, பழகாதவரின் கையும் சேர்ந்து வலது பக்கம், உங்கள் முன்னால், இழுக்கும். விடியலில் எதிரே சைக்கிள் வந்தாலும் ஹை பீமை இறக்குங்கள். காருக்காக இறக்கும் பலர் சைக்கிளுக்கு இறக்குவதில்லை. வெளிச்சம் கண்ணில் அடித்தால் காரில் இருப்பவரைவிட சைக்கிளில் இருப்பவருக்குத்தான் அபாயம் அதிகம். முன்னால் கிடக்கும் மணலும் பள்ளமும் அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

இளநீர்க் கடையில் நிறுத்துகிறீர்கள். கதவைத் திறக்கும் முன் கண்ணாடியைப் பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் இருப்பவர் வலது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். இடது கை குறுக்கே போகும்போது உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். பிரிட்டனில் 2022இல் இதைச் சாலை விதி நூலிலேயே சேர்த்தார்கள். கடலைப் பார்த்த சந்தோஷத்தில் பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு குதிப்பார்கள், அதனால் பின்சீட்டில் சைல்டு லாக் போட்டிருங்கள்.

ரிசார்ட்டிலிருந்து வெளியே வரும்போது வண்டிகள் வலது பக்கத்திலிருந்துதான் வரும். எல்லோரும் வலது பக்கம் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். அங்கேயும் கண் பெரிய வண்டியைத்தான் தேடும், பஸ் இல்லை, லாரி இல்லை என்றதும் கால் ஆக்ஸிலேட்டருக்குப் போய்விடும். ஒருமுறை சைக்கிளுக்கென்றே தனியாகப் பாருங்கள். பிறகு இடது பக்கமும் பாருங்கள். ராங் ரூட்டில் வருவது குற்றம்தான், ஆனால் அப்படி வருவது ஒருவேளை யூ டர்ன் வரை மிதிக்கத் தெம்பில்லாத முதியவராக இருக்கலாம்.

சைக்கிள் ஓட்டுபவருக்கு

உங்களுக்கு உள்ள பாதுகாப்பு, அடுத்த விநாடி நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரிவதில்தான் இருக்கிறது. ஆகவே நேர்கோட்டில் ஓட்டுங்கள். ஓரத்தோடு ஓரமாக ஒட்டிக்கொள்வது பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஈ.சி.ஆரின் விளிம்பில் கடல் மணல் சேர்ந்திருக்கும், பாட்டில் கண்ணாடி கிடக்கும், தார் விளிம்பு உடைந்திருக்கும். அங்கே ஓட்டுபவர் ஒவ்வொரு ஐம்பது மீட்டருக்கும் ஒருமுறை வலது பக்கம் வளைந்து வர வேண்டியிருக்கும். அந்த வளைவில்தான் அடிபடுகிறார்கள். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி, மாறாத கோட்டில் போங்கள். சும்மா நிற்கும் காரைக் கடக்கும்போதும் கதவு திறக்கும் அகலத்துக்கு விலகியே போங்கள். அதற்காகத் தடம் மாறும் முன் திரும்பிப் பாருங்கள், கையை நீட்டுங்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டே நேராக ஓட்டுவது தனி வித்தை. காலி மைதானத்தில் பழகிக்கொண்டு சாலைக்கு வாருங்கள்.

மணலில் ஏறிவிட்டால் பிரேக் அடிக்காதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள். மிதிப்பதை நிறுத்தி, நேராகப் பிடித்து, வண்டி தானாகக் கடக்க விடுங்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, இடது ஓரத்தில் தண்ணீர் நிற்கும். அடியில் பள்ளம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ராங் ரூட்டில் வராதீர்கள். இந்தச் சாலையில் அது ஏன் அவ்வளவு மோசம் என்று மேலே சொல்லிவிட்டேன்: கடல்பக்க வாசல்களிலிருந்து வருபவர்கள் எல்லோரும் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விடியற்காலையில் சாலை காலி என்று நீலாங்கரை, பாலவாக்கம் பக்கம் சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் அப்படித்தான். மெதுவாகப் போகும் பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றைத் தவிர்ப்பது சில இளைஞர்களுக்குப் பிடித்த விளையாட்டு. பஸ் நின்றால் நிற்க இடமில்லை, முன்னால் பள்ளம் வந்தால் தெரியாது. காதில் பாட்டு வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் சத்தம்தான் உங்களிடம் இருக்கும் கண்ணாடி.

விளக்கு பகலிலும் எரியட்டும், பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை. ஒளிரும் பட்டையை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டினால் நன்றாகத் தெரியும். மேலும் கீழும் அசையும் வெளிச்சத்தை, மிதிக்கும் மனிதர் என்று ஓட்டுநரின் மூளை உடனே பிடித்துக்கொள்கிறது. உள்ளூரில் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பட்டையையும் ஒரு சின்னப் பின்விளக்கையும் வாங்கித் தர நம் குழுக்களால் முடியும். கப்பும் டி-சர்ட்டும் அடிக்கும் செலவில் ஒரு ஊருக்கே வாங்கலாம்.

குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது பேர் ஒரே கூட்டமாகப் போனால் கடப்பது எந்த வண்டிக்கும் கஷ்டம், கடக்க முடியாத எரிச்சல் கடைசியில் போகிறவர் மேல்தான் இறங்கும். ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு கார் உள்ளே வந்து நிற்கத் தாராளமான இடைவெளி விடுங்கள், ஒற்றை வரிசையில் போங்கள். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகத்தானே வருகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு, அந்த ஆசை எனக்கும் புரிகிறது. பேச்சை முட்டுக்காட்டு டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைக்கும் கடமை சைக்கிளுக்கும் உண்டு. 35 கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லாமல் வரும் சைக்கிள் கூட்டம், கூடையோடு சாலையைக் கடக்கும் மீன்காரம்மாவுக்கு எமன்தான். கார் சத்தத்தை அவர் காது பிடித்துவிடும். உங்களைப் பிடிக்காது. பெல் வையுங்கள். அழகு கெட்டுவிடும் என்று விலை உயர்ந்த சைக்கிள்களில் பெல்லைக் கழற்றிவிடுவதை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று செயினையும் பிரேக் கேபிளையும் தின்னும்.

இடம் இடமாக

திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை நகரம். கடைகள், ஷேர் ஆட்டோ, பஸ் ஸ்டாப், சிக்னல். வேகம் குறைவு, திடீர்த் திருப்பங்கள் அதிகம். அக்கரையில் சோழிங்கநல்லூர்ச் சாலை வந்து சேர்கிறது, கோவளத்தில் கேளம்பாக்கத்துச் சாலை. பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரிலிருந்து வரும் வண்டிகள் இந்த இரண்டு வழியாகவும் கடலோரத்துக்குள் நுழையும். இரண்டு சந்திப்பிலும் சைக்கிள்காரர் முன்கூட்டியே கை காட்டி, தனக்கான தடத்தின் நடுவில் வந்துவிட வேண்டும். உத்தண்டி டோல்கேட்டில் இடது கோடி வழியாக வேகத்தைக் குறைத்துப் போங்கள். டோல் தாண்டியதும் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் வேகமெடுக்கும், அந்த முந்நூறு மீட்டரில் தடம் மாறாதீர்கள்.

முட்டுக்காட்டுப் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரமோ கட்டடமோ மறைக்காத திறந்தவெளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். தெற்கே போகும் சைக்கிள்காரருக்கு அது வலது பக்கக் காற்று. விழாமல் இருக்க அவர் தன்னை அறியாமல் வலது பக்கம் சற்றுச் சாய்ந்து ஓட்டுவார். அப்போது வலது பக்கம் ஒரு பஸ் கடந்தால், அது காற்றைச் சட்டென்று மறைத்துவிடும். சாய்ந்திருந்தவர் பஸ்ஸை நோக்கியே இழுக்கப்படுவார். பஸ் தாண்டியதும் காற்று மறுபடி அறையும். பாலத்தில் சைக்கிளைக் கடக்கும் பெரிய வண்டிகள் வலது தடத்தின் வலது ஓரத்துக்கே போய்விட வேண்டும், இல்லையென்றால் பாலம் முடியும்வரை பொறுக்க வேண்டும். சைக்கிள்காரர் ஹேண்டில்பாரைக் கீழே தாழ்த்திப் பிடித்து, பின்னால் பெரிய எஞ்சின் சத்தம் கேட்டதும் சாய்வைத் தளர்த்தத் தயாராக இருக்க வேண்டும். படம் எடுக்கப் பாலத்தில் காரை நிறுத்துபவர்களுக்கு: சைக்கிளை நடுச்சாலைக்குத் தள்ளுகிறீர்கள். பாலத்தைத் தாண்டி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், காயல் அங்கேதான் இருக்கும்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். மாமல்லபுரம் வரை பறந்து போனவர்கள் திரும்பும்போது கோவளத்துக்கு முன்பே தளர்ந்துவிடுவார்கள், கோடு ஆடும். அந்த நேரத்தில்தான் கார்க்கூட்டம் தொடங்குகிறது. திரும்புவதற்கான தெம்பை முதலில் கணக்கிட்டு, போகும் தூரத்தைப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் பிரேக் இரண்டையும் அழுத்திப் பார்த்து, சீட் உயரத்தைச் சரிசெய்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம் ஆகியவற்றுக்கு ஊருக்குள்ளிருக்கும் சாலைகளே போதும், சைக்கிளுக்கு அருமையான சுற்று. சாளுவன்குப்பம் புலிக்குகைக்குப் போகத்தான் ஈ.சி.ஆரில் ஏற வேண்டும். குகை இருப்பது கடல்பக்கம், வடக்கே போகும் தடம் மறுபக்கம். மீடியன் இடைவெளி வரை போய்க் கடக்கச் சோம்பி, கடல்பக்கமாகவே எதிர்த்திசையில் மிதித்துப் போகும் பயணிகளைப் பார்க்கலாம். செய்யாதீர்கள். இடைவெளியில் இறங்கி, தள்ளிக்கொண்டு கடங்கள். கூடப் பிள்ளைகள் இருந்தால் குகைக்கு ஆட்டோவில் போய்விடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் 108. மயக்கமாக இருப்பவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். கழுத்தை அசைக்காதீர்கள். பின்னால் ஒருவர் நின்று வண்டிகளைத் திருப்பிவிடட்டும். இடித்த வண்டியின் ஓட்டுநர் நின்று, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டம் அடிக்கும் என்ற பயம் நியாயமாக இருந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். ஓடிவிடாதீர்கள்.

வழியில் போகிறவர் உதவத் தயங்குவது போலீஸ், கோர்ட் என்ற அச்சத்தில்தான். 2019 திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு அந்த அச்சத்துக்கு இடம் இல்லாமல் செய்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, உச்சவரம்புக்கு உட்பட்டு, இலவசம். எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. 'பணம் கட்டினால்தான்' என்று யாராவது சொன்னால் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று கேட்டு உட்கார்ந்துவிட வேண்டாம். இடித்த வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து சைக்கிள்காரர் இழப்பீடு கேட்கலாம். வண்டி எண்ணை உடனே எழுதியோ படம் எடுத்தோ வையுங்கள். வண்டி தெரியாமல் போனால், இடித்துவிட்டு ஓடிய வழக்குகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகல், விபத்துப் பதிவேட்டு நகல், மருத்துவ ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். கொத்தனார், மீன் வியாபாரி போன்றவர்கள் பாதிக்கப்பட்டால், இந்தக் கோப்பைச் சேர்த்துத் தர அந்தச் சாலையில் தினமும் சைக்கிள் ஓட்டும் குழுவில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஹெல்மெட்டையும் நெளிந்த சக்கரத்தையும் வழக்கு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.